இஸ்திரி போட்ட கார்டு

மெஷின் கார்டை வெளியே தள்ளியது. பணம் தரவில்லை.

“இன்னொரு தரம் போடு,” என்றார் கேஷியரக்கா.

“ரெண்டு தரம் போட்டாச்சுக்கா. நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுற மாதிரி தள்ளித் தள்ளி விடுது.”

“நம்பரைச் சரியா அடிச்சியா?”

“முப்பத்தெட்டு வருஷம் ஊர்ல இருக்கறவங்க இடுப்பளவெல்லாம் எழுதினவ நான். நாலு நம்பரையா தப்பா அடிப்பேன்?”

கேஷியரக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றி, திரையில் நின்ற வரியை வாயசைத்துப் படித்தார். வங்கியில் முப்பது வருஷம் பணம் எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த நாட்டு மெஷினாக இருந்தாலும் அதன் முகத்தைப் பார்த்தே வயிற்றில் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவார்.

“மெஷின் மேல தப்பில்லை. நம்ம ஊர்ல உன் பேங்க்தான் தரமாட்டேங்குது. கார்டை யாரோ பூட்டியிருக்காங்க.”

“யாரு பூட்டுவா? கார்டு என் கையிலதானே இருக்கு!”

அந்த நேரம் பார்த்து டெய்லரம்மாவின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். மகன்.

“தோ, கேட்டியே, யாருன்னு,” என்றார் கேஷியரக்கா.

இருவரும் நடக்க ஆரம்பித்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது. முப்பத்திமூன்று நாள் நடை. கடல் தாண்டி வந்து, பாஷை தெரியாத ஊர்கள் வழியாக, தினமும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து, கடைசியில் ஒரு பழைய ஆலயத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். டெய்லரம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பதினேழு வயதில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், வாடகை மெஷின், சொந்த மெஷின், சொந்தக் கடை என்று ஐம்பத்தைந்து வயது வரை மிதித்தாள். மிதித்த மிதிக்கு உலகத்தையே ஒரு சுற்று வந்திருக்கலாம். ஆனால் ஸ்டூலை விட்டு ஓரடி நகரவில்லை. கடையை விற்ற அன்றே மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்: இந்தக் கால் ஒரு தடவையாவது எங்கேயாவது போய்ச் சேரணும். சொந்தக் காலில், சொந்தக் காசில். ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் கிளம்ப முடிந்தது. இருபது வருஷமாக அவளிடம் துணி தைத்துக்கொள்ளும் கேஷியரக்கா, “தனியாவா போறே? பணத்தை எங்க வைப்பே?” என்று கேட்டு, அந்தக் கவலையிலேயே கூட வந்துவிட்டார்.

“சொல்லுடா,” என்றாள் டெய்லரம்மா.

“அம்மா, இப்ப பணம் எடுக்கப் பார்த்தியா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மெசேஜ் வந்துச்சு. ‘பணம் எடுக்க முயற்சி, மறுக்கப்பட்டது’ன்னு. ஊர் பேரோட, மணியோட. ரெண்டு தடவை.”

“தராட்டியும் மெசேஜ் வருமா?”

“தந்தாலும் வரும், தராட்டியும் வரும். நான்தாம்மா பூட்டினேன். என் போன்ல இருக்கே ஆப்பு, அதுல.”

வினை வந்தது ஒரு மொபைல் நம்பரால்தான். கடை விற்ற பணத்தை வங்கியில் போடப் போன அன்று, கவுன்ட்டரில் மொபைல் நம்பர் கேட்டார்கள். அவள் போன் திரை உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்திருந்தது. பக்கத்தில் நின்ற மகன் தன் நம்பரைச் சொன்னான். அவளும் தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் எங்கே என்ன வாங்கினாலும் அவன் சட்டைப்பையில் மணி அடித்தது. நடைப்பயணத்தில் அது அவனுக்குக் கண்காணாத தூரத்துக்கு ஒரு ஜன்னல் ஆகிவிட்டது. ‘அம்மா, காலையில ஏழு மணிக்கே காபிக்கடையா?’ ‘அம்மா, செருப்புக் கடையில நாப்பதா?’ என்று தினமும் ஒரு விசாரணை. முதலில் சிரிப்பாக இருந்தது. பத்தாம் நாளுக்கு மேல் காபி கசந்தது.

“எதுக்குடா பூட்டினே?”

“செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில முப்பத்திரண்டு. வியாழக்கிழமை இன்னொரு ஊர் மருந்துக்கடையில பத்தொன்பது. என்னம்மா ஆச்சு உனக்கு? மறைக்காம சொல்லு.”

“கால்ல கொப்புளம். நடந்தா கொப்புளம் வரும். உட்கார்ந்தா வராது. அதுக்கு மருந்து இருக்கு, வாங்கினேன், ஒட்டினேன், நடந்துட்டுதான் இருக்கேன்.”

“போதும்மா. அங்கேருந்து பஸ் இருக்கு, நான் பார்த்துட்டேன். பஸ்ல போய் ஆலயத்தைப் பாரு, கும்பிடு, விமானம் ஏறி வந்துடு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்த நிமிஷமே திறந்து விட்டுடறேன்.”

“யார் காசுடா அது?”

“உன் காசுதான். யாரு இல்லேன்னா?”

“அப்புறம் சாவி எப்படி உன்கிட்ட இருக்கு?”

“உன் நல்லதுக்குத்தாம்மா.”

“நீ மூணாவது படிக்கும்போது, உன் நல்லதுக்குன்னு சொல்லி நான் உன் சைக்கிளைப் பூட்டி வெச்சேன். ஞாபகம் இருக்கா?”

“இப்ப எதுக்கு அது?”

“என்ன பண்ணினே, சொல்லு.”

“பூட்டை உடைச்சேன்,” என்றான்.

“உன்னைப் பெத்தவடா நான்,” என்று சொல்லிவிட்டு டெய்லரம்மா போனை வைத்தாள்.

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. வைத்த பிறகு பூட்டிய கார்டை மறுபடி ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம். வங்கியின் இரும்புக் கதவை ஓர் ஆள் உள்ளிருந்து இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தான். இனி திங்கட்கிழமைதான் திறப்பான். அதற்குள் இவர்கள் இரண்டு ஊர் தாண்டியிருக்க வேண்டும்.

தெருமுனையில் இருந்த கல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எடு,” என்றார் கேஷியரக்கா.

பணம் வைப்பதில் கேஷியரக்கா வகுத்த சட்டம் ஒன்று இருந்தது. இன்றைய செலவு கால்சட்டைப் பையில். நாலு நாள் செலவு இடுப்புப் பையில். மிச்சம், குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே எடுத்துப் போகும் துணிப்பையில். மெஷினில் பணம் எடுப்பதென்றால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில், வங்கிச் சுவரில் இருக்கும் மெஷினில் மட்டும். கார்டை முழுங்கினால் உள்ளே போய்ச் சண்டை போட ஆள் வேண்டும். ‘உங்க ஊர்க் காசுல கணக்குப் போடட்டுமா’ என்று மெஷின் குழைந்து கேட்டால், வேண்டாம் என்று அடிக்கணும். அந்தக் குழைவுக்குத் தனிக் கட்டணம். பெரிய நோட்டை டவுன் கடையில் மாற்றிவிடணும், கிராமத்தில் படுக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கார்டே வாங்கமாட்டார்கள்.

மூன்று இடத்திலிருந்தும் எடுத்துப் போட்டதில் அந்த நாட்டுக் காசில் நூற்றித் தொண்ணூறு இருந்தது. கேஷியரக்கா நோட்டுகளை விசிறி போல விரித்து, ஒரே இழுப்பில் எண்ணி, முகம் பார்க்கும் பக்கமெல்லாம் ஒரே திசையில் அடுக்கினார்.

“படுக்கை, சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சு. அஞ்சு நாள் தாங்கும். இழுத்துப் பிடிச்சா ஆறு. நடக்க வேண்டியது பதினொண்ணு.”

“ஒரு வேளை சாப்பிட்டா?”

“ஒரு வேளை சாப்பிட்டு மலை ஏறுவியாக்கும். என்கிட்ட இருக்கு, நான் தர்றேன். ஊருக்குப் போய்க் கொடு.”

“வேணாம்க்கா.”

“இதுல என்ன ரோஷம்?”

“ரோஷம்னே வெச்சுக்கோங்க. சொந்தக் காலு, சொந்தக் காசுன்னுதான் வேண்டிக்கிட்டேன். காலு பாதியில போனா கூட சாமி மன்னிச்சுடுவாரு. காசு பாதியில இன்னொருத்தர்கிட்ட வாங்கினா, நான் என்னையே மன்னிக்கமாட்டேன். அதுவும் இல்லாம, உங்ககிட்ட வாங்கினேன்னு தெரிஞ்சா அவன் என்ன சொல்லுவான்? ‘பார்த்தியா, நான் இல்லேன்னா கை ஏந்துறே’ம்பான்.”

“சரி, பேங்க்குக்குப் போன் போடு. உன் கார்டு, உன் வாய். கேட்டுப் பாரு.”

போட்டாள். பதினாலு நிமிஷம் இசை கேட்டாள். கடைசியில் ஒரு பெண் வந்தாள், தேன் குரல். பெயர், பிறந்த தேதி, அம்மா பேர் எல்லாம் கேட்டாள். டெய்லரம்மா எல்லாம் சரியாகச் சொன்னாள்.

“உங்க பதிவு எண்ணுக்கு ஒரு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கேன் மேடம், அதைச் சொல்லுங்க.”

“அது என் பையன் போனும்மா.”

“அப்ப உங்க பையன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மேடம்.”

“அவன்தாம்மா பூட்டினவன்.”

“அப்படின்னா, நம்பர் மாத்த நீங்க நேர்ல கிளைக்கு வந்து கையெழுத்துப் போடணும் மேடம். வேற ஏதாவது உதவி?”

“இப்ப பண்ணின உதவியே ஜென்மத்துக்குப் போதும்,” என்று வைத்தாள்.

கேஷியரக்கா நோட்டுகளை மறுபடி மூன்றாகப் பிரித்து அவளிடம் நீட்டினார். டெய்லரம்மா வாங்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அக்கா,” என்றாள், “இன்னொரு கார்டு இருக்கு.”

“என்னது?”

“தையல் சங்கத்து பேங்க்ல. ஆல்டரேஷன் காசு. பேன்ட் நீளம் குறைக்க, கை லூஸ் பண்ண, ஜிப் மாத்த வர்ற சில்லறை எல்லாம் கல்லாவுல போடாம அதுல போடுவேன். அதுல என் நம்பர்தான் இருக்கு.”

“இருபத்திரண்டு நாளா சொல்லலை!”

“நீங்கதானே சொன்னீங்க, ரெண்டாவது கார்டு இருந்தா யார் கண்ணுலயும் படாத இடத்துல வை, யார்கிட்டயும் சொல்லாதேன்னு.”

“யார்கிட்டயும்னா என்கிட்டயுமா?”

“நீங்க யாருல சேரமாட்டீங்களா?”

கேஷியரக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் தான் போட்ட சட்டத்தை இத்தனை ஒழுங்காக ஒருத்தி கடைப்பிடித்தது அவருக்குப் பெருமையாகப் போய்விட்டது. “பையனுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“அவன் கேட்கலை. நான் சொல்லலை.”

“எங்க இருக்கு இப்ப?”

டெய்லரம்மா தோளைத் திருப்பித் தன் மேல்கோட்டின் முதுகில் தோளோரத்தைக் காட்டினாள். “உள் லைனிங்ல. தைச்சுட்டேன்.”

அன்று தங்க வேண்டிய விடுதி தெருக்கோடியில் இருந்தது. மாடியில் பன்னிரண்டு கட்டில், கீழே சமையலறை, பின்கட்டில் துணி துவைக்கும் அறை. விடுதிக்காரி தாட்டியான பெண்மணி. அவளும் இவர்களும் பேசிக்கொள்ள இருந்தது ஆளுக்கு நாற்பது இங்கிலீஷ் வார்த்தையும் பத்து விரலும்தான். அது போதுமாக இருந்தது. ஒரு படுக்கை பதினைந்து. காலையில் கிளம்பும்போது கொடுத்தால் போதும் என்றாள்.

மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கோட்டைக் குப்புற விரித்து, டெய்லரம்மா தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியை எடுத்தாள். தையல் எங்கே ஆரம்பிக்கிறதென்றே கேஷியரக்காவுக்குத் தெரியவில்லை.

“எங்கேடி தையல்?”

“தெரிஞ்சா அது தையலா?”

நாலு அங்குலம் பிரித்து, இரண்டு விரலை விட்டு, கார்டை இழுத்தாள். வந்தது.

கார்டு தோணி மாதிரி வளைந்திருந்தது. இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டு, நடுவில் குழி விழுந்து, தண்ணீரில் விட்டால் மிதந்து போய்விடும் போலிருந்தது.

“என்னடி இது?”

டெய்லரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“இஸ்திரி போட்டுட்டேன்க்கா.”

“எதை?”

“கோட்டை. தைச்சு முடிச்சதும். தைச்ச துணியை இஸ்திரி போடாம வெச்சா எனக்குத் தூக்கம் வராதே! முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். ஊசி வெச்சா பெட்டி வெக்கணும். உள்ள கார்டு இருக்குங்கிற நினைப்பே இல்லாம கை தானா தேய்ச்சிருக்கு. அதுவும் சூட்டோட ஹாங்கர்ல மாட்டியிருக்கேன். ஹாங்கர் தோள் எப்படி வளைஞ்சிருக்கோ, அப்படியே இதுவும் வளைஞ்சுடுச்சு.”

“எவளாவது பேங்க் கார்டை இஸ்திரி போடுவாளா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பார்க்காத கோளாறு இல்லை. கார்டை நாய் கடிச்சுப் பார்த்திருக்கேன். குழந்தை ஜன்னல் வழியா வீசிப் பார்த்திருக்கேன். ஒருத்தன் கார்டுக்குப் பின்னாலயே நம்பரை எழுதி வெச்சிருந்தான். இஸ்திரி போட்டுப் பார்த்ததில்லைடி!”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கலை. அழுகை இப்படி வருது.”

ஆல்டரேஷன் பணம் முழுக்க அதில் இருந்தது. எட்ட முடியவில்லை. மகன் பூட்டியதைக் கூட அவள் மன்னித்திருப்பாள். தன் கையே தனக்குப் பூட்டுப் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். தெருவில் முதுகுப் பையோடு நாலைந்து பேர் நொண்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ. எதிரில் பஸ் நிறுத்தம் இருந்தது. அதில் ஒரு பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, இவளுக்காகவே காத்திருப்பது போல் காத்திருந்து, போனது.

“போடா போ,” என்றாள் பஸ்ஸிடம்.

எழுந்தாள். கார்டை எடுத்து விரலால் வருடிப் பார்த்தாள். வளைந்திருக்கிறது, உருகவில்லை. சில்லு பதித்த இடம் பளபளவென்று அப்படியே இருந்தது. காலர் பட்டையைத் தடவிப் பார்ப்பது போல நுனியிலிருந்து நுனி வரை தடவினாள்.

“அக்கா, காலர் இப்படித்தான் வளையும். சூட்டுல வளைஞ்சது சூட்டுல நிமிர்ந்துடும். ஆறும்போது மேல பாரம் இருக்கணும், அவ்வளவுதான்.”

“அது துணிடி!”

“காலருக்குள்ள இருக்கறதும் பிளாஸ்டிக் பட்டைதான். வாங்க கீழ.”

பின்கட்டில் விடுதிக்காரி தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மலை போல் இன்னும் நாற்பது உறை குவிந்திருந்தது. டெய்லரம்மா இஸ்திரிப் பெட்டியைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, அரைமணி நேரம் என்று விரலால் காட்டினாள். தன் வேலையை இவள் செய்யப்போகிறாள் என்று நினைத்த விடுதிக்காரிக்கு இப்படி ஒரு வரம் கிடைக்குமென்று யார் சொன்னது! பெட்டியைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

டெய்லரம்மா பெட்டியின் குமிழைப் பட்டுத்துணி என்ற அளவுக்குக் கீழே இறக்கினாள். மேசைமேல் மடித்த துண்டு. அதன்மேல் கார்டு, குழி கீழே பார்க்க. அதன்மேல் ஈரத்தைப் பிழிந்த கைக்குட்டை. பெட்டியைத் தேய்க்கவில்லை, வைத்தாள், எண்ணினாள், எடுத்தாள். வைத்தாள், எண்ணினாள், எடுத்தாள். மூன்றாம் தடவை கார்டு மூச்சு விட்டது போல் அடங்கியது.

“பாரம்! பாரம் கொடுங்கக்கா, சீக்கிரம்!”

“என்ன பாரம்? இங்க என்ன இருக்கு?”

டெய்லரம்மா கார்டைத் துண்டோடு தூக்கி மரப் பெஞ்சில் வைத்தாள். மேலே விடுதியின் தடித்த வருகைப் பதிவேடு. பிறகு கேஷியரக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

“உட்காருங்க.”

“எது மேல?”

“பதிவேடு மேல. அசையாம. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.”

“முப்பது வருஷம் கௌரவமா வேலை பார்த்தவடி நான்.”

“அந்த கௌரவத்தை மொத்தமா இதுமேல வைங்க.”

கேஷியரக்கா உட்கார்ந்தார். பெட்டி சூடாக இருக்கிறதே, வீணாவானேன் என்று டெய்லரம்மா தலையணை உறைகளை எடுத்தாள். நாற்பது உறையும் முனைக்கு முனை சேர்ந்து, மடிப்பு மேல் மடிப்பாக, அளவெடுத்து அடுக்கியது போல் உயர்ந்தன. விடுதிக்காரி எழுந்து வந்து மேல் உறையைத் தொட்டுப் பார்த்தாள். தொடக்கூடாத எதையோ தொட்டுவிட்டது போல் கையை எடுத்தாள்.

“இப்ப எழுந்திருங்க.”

கார்டு நேராக இருந்தது. சுத்தமாக என்று சொல்ல முடியாது. வயசான முதுகு மாதிரி, உற்றுப் பார்த்தால் ஒரு சின்னக் கூன்.

“சுவர் மெஷின்ல போடாதே,” என்றார் கேஷியரக்கா, இடுப்பைத் தடவிக்கொண்டே. “உள்ள சக்கரம் இருக்கும். அந்தக் கூன்ல பிடிச்சுதுன்னா முழுங்கிடும். கடையில கார்டு போடுற கைமெஷின்ல போடு. இவகிட்ட இருக்கு, நான் பார்த்தேன். ரெண்டு படுக்கைக் காசு கொடுத்துப் பாரு. சிக்கினா இழுத்துடலாம்.”

“ஒரு படுக்கைதான். உங்களுக்கு நீங்க கொடுங்க.”

“அடியே, முப்பது நிமிஷம் உட்கார்ந்தேனே அதுக்கு?”

“சரி, ரெண்டு.”

விடுதிக்காரி கைமெஷினை நீட்டினாள். கார்டு பாதி போய் நின்றது. டெய்லரம்மா வெளியே எடுத்து, சில்லை முந்தானை இல்லாத குறைக்குக் கோட்டு நுனியால் துடைத்து, மறுபடி வைத்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினாள். ஊசியில் நூல் கோக்கும்போது பிடிக்கும் அதே மூச்சை இப்போதும் பிடித்துக்கொண்டாள். போனது. ரகசிய எண் கேட்டது. அடித்தாள்.

கேஷியரக்கா பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டார்.

“அடிப்பாவி! அது என் ரவிக்கை அளவு!”

“இருபது வருஷமா மனப்பாடமா இருக்கிற நம்பர் அது ஒண்ணுதான்க்கா. எங்க போய் புதுசா தேடுவேன்?”

“இப்ப அந்த அளவு இல்லையே நான்!”

“அது எனக்குத் தெரியும், பேங்க்குக்குத் தெரியாது.”

மெஷின் கிரீச்சென்று காகிதம் துப்பியது. கூடவே டெய்லரம்மாவின் பையில் அவள் போன் ஒரு தரம் கிணிங்கென்றது. அவள் திடுக்கிட்டாள். இந்த இருபத்திரண்டு நாளில் அவள் செலவு செய்து அவள் போனில் மணி அடித்தது இதுதான் முதல் தடவை.

“கண்ணாடி இல்லாம தெரியாதே உனக்கு. படிச்சுச் சொல்லட்டுமா?” என்று கை நீட்டினார் கேஷியரக்கா.

“வேணாம்க்கா. என் மெசேஜை நானே படிச்சுக்கறேன்.”

போனைத் தள்ளிப் பிடித்து, எழுத்தைப் பெரிசாக்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். முப்பது. அவள் கணக்கு. மிச்சம் இவ்வளவு. இரண்டு தரம் படித்தாள்.

பிறகு விடுதிக்காரியிடம் திரும்பினாள். இனி வரும் கிராமங்களில் கார்டு வாங்கமாட்டார்கள், மெஷினில் போட பயம், ஆகவே கார்டில் இருநூற்றைம்பது எடுத்துக்கொண்டு நோட்டாகக் கொடுக்க முடியுமா என்று நாற்பது வார்த்தையாலும் பத்து விரலாலும் கேட்டாள். கேஷியரக்கா பதறினார். “அதெல்லாம் விதிப்படி…” என்று தொடங்கினார். விடுதிக்காரி தலையணை உறைக் குவியலை ஒரு பார்வை பார்த்தாள், டெய்லரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், மேசை இழுப்பறையைத் திறந்தாள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள். கசங்கிய பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தாள்.

விதியைப் பேசிய கேஷியரக்காதான் ஓடிப் போய் அதை இன்னொரு தரம் எண்ணினார். முகமெல்லாம் ஒரே திசையில் அடுக்கி, “நானூத்தி நாப்பது,” என்றார், இருந்ததையும் சேர்த்து. “பதினொரு நாளுக்கு முந்நூத்தி எம்பத்தஞ்சு. போக, கொப்புளத்துக்குக் கூட மிச்சம்.”

மறுநாள் விடிந்ததும் நடந்தார்கள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“அம்மா, எங்கே இருக்கே?” மகன் குரலில் அதிகாரம் பாதியாகத் தேய்ந்திருந்தது.

“நடக்கறேன்.”

“மூணு நாளா ஒரு மெசேஜ் கூட வரலை. எடுக்கவும் பார்க்கலை நீ. என்ன சாப்பிடறே? எங்கே தூங்கறே? யார்கிட்ட வாங்கினே?”

“யார்கிட்டயும் வாங்கலை. ரெண்டு வேளை சூடா சாப்பிடறேன், கட்டில்ல தூங்கறேன், என் காசு.”

“எந்தக் காசு?”

“உனக்கு மெசேஜ் வராத காசு.”

பின்னால் மருமகள் குரல் கேட்டது. “அத்தை, நீங்க நடங்க! இவர் மூணு நாளா போனைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்!”

“சும்மா இரேன்,” என்றான் அவன், அந்தப் பக்கம் திரும்பி. பிறகு, “சரிம்மா. பஸ் வேணாம். திறந்து விட்டுடறேன். நீ எடுத்துக்கோ.”

டெய்லரம்மா நின்றாள். மேட்டுக்குக் கீழே வந்த வழி தெரிந்தது; நெளிந்து நெளிந்து, பின்னிய தையல் போல.

“திறக்காதே,” என்றாள்.

“என்னம்மா?”

“நீ பூட்டினதை நீ திறந்தா, நாளைக்கு மறுபடி நீ பூட்டுவே. நான் வந்து, பேங்க்ல என் நம்பரை நானே எழுதிக் கொடுத்து, நானே திறந்துக்கறேன். அதுவரைக்கும் பூட்டியே இருக்கட்டும். என்னைப் பத்தித் தெரியணும்னா போன் பண்ணிக் கேளு. பேங்க்கைக் கேட்காதே. நான் உசிரோட இருக்கேன், பேசத் தெரியும்.”

“கோபமா இருக்கியாம்மா?”

“இருந்தேன். மேடு ஏறினா கோபத்துக்கு மூச்சு மிஞ்சறதில்லை. வை, கேஷியரக்கா முன்னால போயிட்டாங்க.”

அதன்பிறகு அவன் தினமும் சாயங்காலம் போன் செய்தான். என்ன வாங்கினாய் என்று கேட்கவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்கக் கொஞ்சம் தடுமாறினான், பழக்கமில்லை. பழகிக்கொண்டான்.

முப்பத்திமூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஆலயத்தின் வாசலில் போய் நின்றார்கள். டெய்லரம்மா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, ஒட்டுப்போட்ட இரண்டு பாதத்தையும் கல்லில் வைத்து, கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தாள். உள்ளே போய்க் கும்பிட்டாள். வெளியே வந்ததும் தெருவில் கண்ணை ஓட்டினாள்.

“என்னடி தேடறே?”

“பேங்க்கு.”

“காசுதான் அறுபது மிச்சம் இருக்கே! எதுக்கு?”

“ஒரு வேலை இருக்கு.”

வங்கி திறந்திருந்தது. கேஷியரக்கா சட்டப்படியே, வங்கிச் சுவரில் இருந்த மெஷின். டெய்லரம்மா எடுத்தது கூனல் கார்டை அல்ல, பூட்டின கார்டை. உள்ளே விட்டாள். நம்பரை அடித்தாள். இருப்பதிலேயே சின்ன நோட்டு ஒன்று கேட்டாள்.

“லூசா நீ? அதுதான் தராதே!”

“தராதுன்னு தெரியும்க்கா.”

மெஷின் யோசித்தது. மறுத்தது. கார்டை வெளியே தள்ளியது. டெய்லரம்மா அதை எடுத்து, தூசி தட்டி, பைக்குள் பத்திரமாக வைத்து, போனைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, போன் அடித்தது.

“அம்மா…” என்றான் மகன்.

“மெசேஜ் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“ஊர் பேர் போட்டிருக்கானா?”

“போட்டிருக்கான்மா.”

“படி.”

படித்தான்.

“இன்னொரு தரம் படி,” என்றாள் டெய்லரம்மா. “சத்தமா.”